ஏழரை – பதினாறு

அன்புள்ள மகன் ராஜமணிக்கு,

நீ சென்னையிலிருந்து ரயிலில் போட்டு அனுப்பிய நான்கு டயர்களும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. முன்சக்கரங்களில் இரண்டை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். உரசுகின்றன. கழற்றிவிட்டேன். நம்முடைய கார் நேற்றுக் காலை வரைக்கும் சரக்குக் கிட்டங்கி வாசலில், முன்பக்கம் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்து, சக்கரமில்லாமல் நின்றது. வருகிற வெள்ளிக்கிழமை மருமகள் செல்லக்கனியைப் பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டில் கொண்டு போய் விட வேண்டும். வளைகாப்பு முடிந்து அவளுடைய சித்தியும் கூட்டிப் போக வந்து உட்கார்ந்திருக்கிறாள். "புது டயர் போட்ட நம் காரில்தான் அவள் போக வேண்டும், பஸ்ஸிலோ வில்வண்டியிலோ ஏற்றக் கூடாது" என்று நீ கண்டிப்பாக எழுதியிருக்கிறாய். கழற்றிப் போட்டேன் என்று இரண்டு வரியில் எழுதினால் உனக்குக் கோபம்தான் வரும். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு இருக்கிற பயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அகலமான டயர் தேடியதில் தப்பில்லை. உடன்குடியைத் தாண்டி உன் மாமனார் ஊருக்குப் போகிற வழியில் அந்தச் செம்மணல் தேரி வருகிறதே, அதில் நம் கார் எத்தனை தடவை புதைந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்குப் போனபோது, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீயே இறங்கித் தள்ளினாய். உன் மாமனார் வீட்டுக்காரர்கள் எதிரே வந்து சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணை ஏற்றிக்கொண்டு போய், அனல் பறக்கிற அந்த மணலில், மரநிழல்கூட இல்லாத இடத்தில் வண்டி நின்றுபோனால் அது சிரிப்பாக இருக்காது. அகன்ற டயர் மணலில் அமுங்காமல் மிதந்து போகும் என்று நீ யோசித்தாய். சரியான யோசனைதான். பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சண்டை முடிந்தும் டயருக்கு ஊரெல்லாம் பஞ்சமாக இருக்கிற இந்த நேரத்தில், நூல் தெரியாத நான்கு டயரைப் பிடித்துவிட்டாய். அந்தச் சாமர்த்தியத்தையும் நான் ஒத்துக்கொள்கிறேன். நம் காரின் பின்டயர்கள் இன்னும் கொஞ்சகாலம் தாங்கும். முன்டயர்கள் தாங்காது. ஆகவே உன் டயர்கள் வந்து இறங்கியபோது உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

ஆனால் ஏலத்தில் நீ கேட்டது என்ன? உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய்: "நம்முடையதும் பதினாறு, இதுவும் பதினாறு, கச்சிதமாக உட்காரும்." நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறோம். "அண்ணாச்சி, பதினாறு டயர் இருக்கா?" என்று கேட்போம். இருந்தால் எடுத்துப் போடுவார்கள். பதினாறு என்பது ரிம்மின் குறுக்களவு. அது டயரின் நடுவே இருக்கிற துவாரம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இன்னொரு எண் டயரிலேயே அச்சடித்து இருக்கிறது. அதுதான் டயரின் வயிறு. நம் பழைய டயரில் ஆறு – பதினாறு என்று இருக்கிறது. நீ அனுப்பியதில் ஏழரை – பதினாறு. நான் இங்கிலீஷ் படிக்காதவன், ஆனால் எண் படிக்கத் தெரியும். வயிறு பெருத்தால் அகலம் மட்டும் கூடுவதில்லை, உயரமும் கூடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் காளையை நிறுத்தின மாதிரி இருந்தது. நீ துவாரத்தை அளந்தாய் மகனே, வயிற்றை அளக்கவில்லை.

உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கு அதுல?" என்று கேட்டாள். ஏழரை என்றேன். "ஏழரையா? உங்க மவன் மெட்ராசுக்குப் போயி தேடிப் புடிச்சு ஏழரைய வாங்கி ரயில்ல ஏத்தி அனுப்பியிருக்கானா? சனியன் நடந்து வந்தா லேட்டாயிரும்னா?" என்றாள். நம் டிரைவர் இசக்கி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஜாக்கி கீழே விழுந்தது. நானும் சிரித்தேன். எண்ணைக் கண்டு நான் பயப்படுகிறவன் இல்லை. எனக்குப் பயம் வந்தது பிறகுதான்.

மாட்டி இறக்கியதும் காரைப் பார்க்கக் கிட்டங்கித் தெருவே கூடிவிட்டது. "அண்ணாச்சி, யானைக்குட்டி மாரில்லா நிக்கி!" என்றார்கள். இசக்கி நேராக ஓட்டினான், சத்தமே இல்லை. தெருமுனையில் திருப்பினான். மட்கார்டுக்குள்ளிருந்து கர்ரென்று ஒரு சத்தம். இசக்கி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. புதுச்செருப்பு கடிக்கும்லா, அத மாரி. ஓட ஓடத் தேஞ்சு சரியாயிரும்" என்றான். "ஏலே, செருப்பு கடிச்சா காலுதான் புண்ணாவும். இது கடிச்சா யாரு புண்ணாவா?" என்று கேட்டேன். ஆனால் நின்றவர்கள் எல்லாரும் அவன் பக்கம்தான் பேசினார்கள். நல்ல டயரைக் கழற்றாதே, மட்கார்டைத் தட்டி நிமிர்த்து என்றார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். உன் தாய்மாமா கட்டை ஊன்றி நடக்கிறாரே, சண்டைக்காலத்தில் லாரி கவிழ்ந்து கால் போனது என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறோம். நீ அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாய். படிப்பு கெட வேண்டாம் என்று முழுக்கதையைச் சொல்லவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளெல்லாம் கரி எரித்து ஓடிய காலம் அது. உப்பு ஏற்றிக்கொண்டு போனோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஜோடியாகப் போடுகிற டயர்களில் ஒன்று கிழிந்து, கிடைத்த டயர் ஒன்றைப் பக்கத்தில் போட்டிருந்தோம். அது கொஞ்சம் பெருவயிறு. பாரம் ஏறியதும் இரண்டு டயரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உரசியிருக்கின்றன. எனக்கு வாடை வந்தது. "மாப்ள, என்னமோ கருகுதே?" என்றேன். "கரியில ஓடுத வண்டி கருகாம மல்லியப்பூவா மணக்கும், அத்தான்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். உப்பளத்து ஓடைப் பாலம் வருவதற்குள் ஒன்று வெடித்தது, அதன் வேகத்தில் அடுத்ததும் வெடித்தது. லாரி மெதுவாகத்தான் சாய்ந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு மூட்டையாகச் சரிவதைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்தது, இறங்கத்தான் நேரமில்லை. நான் மேல்பக்கம், அவர் கீழ்ப்பக்கம். உரசல் என்பது வெடிக்கிற நிமிஷம் வரைக்கும் வெறும் சத்தம்தான், வெறும் வாடைதான். எவனும் அதற்காக வண்டியை நிறுத்துவதில்லை.

அதனால் இந்தத் தடவை நிறுத்திவிட்டேன். சும்மா பயந்து நிறுத்தவில்லை, சோதித்துப் பார்த்தேன். வெறும் வண்டியில் சோதித்துப் பிரயோஜனம் இல்லை. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், மட்கார்டு கீழே வரும், இடைவெளி குறையும். செல்லக்கனி, அவள் சித்தி, உன் அம்மா, பலகாரப் பெட்டிகள் என்று கணக்குப் பண்ணி உப்பு மூட்டைகளை உள்ளே ஏற்றச் சொன்னேன். உன் அம்மா வாசலில் நின்று, "இதுல எந்த மூட்ட நானு?" என்று கேட்டாள். "வாய் கட்டாத மூட்ட" என்றேன். பிறகு சுண்ணாம்பைக் குழைத்து டயரின் தோளில் சுற்றிலும் பூசினேன். எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை ஒட்டும், யாரும் வாதாட முடியாது. இசக்கியிடம், இடப்பக்கம் முழுக்கத் திருப்பு, வலப்பக்கம் முழுக்கத் திருப்பு, தண்டவாளத்து மேட்டில் ஏறி இறங்கும்போதே திருப்பு என்று சொல்லி ஓட்டவைத்தேன். மட்கார்டின் உள்விளிம்பில் வெள்ளை ஒட்டியிருந்தது. கொல்லனை அழைத்து விளிம்பை மேலே மடித்துத் தட்டச் சொன்னோம். மறுபடி பூசி மறுபடி ஓட்டினோம். ஒட்டவில்லை. "நான் அப்பவே சொன்னேம்லா" என்று இசக்கி துண்டை உதறித் தோளில் போட்டான். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது இசக்கி ஒரு வார்த்தை சொன்னான். "தேரி வந்ததும் வழக்கம்போல காத்த எறக்கிட்டா, வண்டி தண்ணியில போற தோணி மாரி போவும் பாருங்க." மணல் வந்தால் டயரில் பாதிக் காற்றை இறக்குவது நம் பக்கத்து வழக்கம். காற்று இறங்கினால் டயர் பரந்து மணலைப் பிடிக்கும். ஆனால் அது பரப்பது கீழே மட்டுமா? பக்கவாட்டிலும் பிதுங்கும். நாம் சோதித்ததெல்லாம் ஊருக்குள், முழுக்காற்றில். "ஏலே, இங்கனயே காத்த எறக்கு. மூட்ட அப்படியே இருக்கட்டும். இன்னொரு சுத்து போ" என்றேன். போய் வந்தான். மட்கார்டில் ஒன்றுமில்லை. நான் திருப்திப்படாமல் தரையில் சாக்கை விரித்துப் படுத்து, சக்கரத்துக்கு உள்பக்கம் பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் சக்கரத்துக்குப் பின்னால் வளைந்து வருகிறதே, அதன்மேல் வெள்ளை இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன். தெருவின் நீளத்துக்கு ஓடியதற்கே குழாயின் மேல்தோல் சொரசொரத்துப் போயிருந்தது.

பார்க்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார். தேரியில் காற்றை இறக்கி ஓட்டியிருப்பான். சத்தம் கேட்டிருக்காது, ரப்பர்மேல் ரப்பர் உரசினால் சத்தமா வரும்? மணலைத் தாண்டிவிட்டோம் என்று எல்லாரும் சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். உன் மாமனார் ஊருக்கு முன்னால் அந்தச் சரிவு இருக்கிறது, கீழே கிணறும் வளைவும். அங்கே இசக்கி பிரேக்கை மிதித்திருப்பான். கால் தரை வரைக்கும் போயிருக்கும். அதற்குமேல் எனக்கு எழுத ஓடவில்லை. அந்தச் சரிவு கண்ணை மூடினாலும் வருகிறது, விழித்திருந்தாலும் வருகிறது. கொழும்புக்குத் தோணியில் கருப்பட்டி ஏற்றி அனுப்பி, புயலென்று கேட்டுக் கடற்கரையில் நின்ற நாட்களில்கூட நான் இப்படி நடுங்கியதில்லை. சரக்கு போனால் மறுபடி தலைச்சுமையிலிருந்து தொடங்கத் தெரியும் எனக்கு.

வேறு வழி எல்லாம் யோசித்தேன். ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பாமல் தடை வைக்கலாம் என்றான் கொல்லன். குறுகலான தேரிப் பாதையில் எதிரே மாட்டுவண்டி வந்தால் திருப்ப முடியாமல் நிற்க வேண்டும். ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி வண்டியை உயர்த்தலாம் என்றான். மட்கார்டு உயரும், குழாயும் சக்கரமும் இருந்த இடத்திலேதான் இருக்கும், அதோடு பிள்ளைத்தாய்ச்சிக்குத் தூக்கிப் போடும். குழாயைக் கம்பியால் இழுத்துக் கட்டலாம் என்றான் இசக்கி. சக்கரம் திரும்பும்போது குழாயும் கூடவே அசைய வேண்டும், கட்டினால் அங்கேயே இற்றுப்போகும். தப்பான அளவை மாட்டிவிட்டு மற்றதையெல்லாம் அதற்குத் தகுந்தபடி வெட்டிக்கொண்டே போவது, மாப்பிள்ளைக்குச் சட்டை பற்றவில்லை என்று மாப்பிள்ளையைச் செதுக்குவது போலத்தான். நீ இனி எந்த வண்டிக்கு டயர் வாங்கினாலும், பழைய டயரில் இருக்கிற இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போ. அதைவிட அகலம் வேண்டுமென்றால், முதலில் சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பாரம் ஏற்றி, உள்ளே மூன்று விரல் நுழைகிறதா என்று கைவிட்டுப் பார். நுழையாத இடத்தில் டயர் பெருக்க இடமில்லை. முக்கியமாக, வண்டி எந்த ரோட்டில் எந்த நிலையில் ஓடுமோ அந்த நிலையில் சோதித்துப் பார்.

டயரோடு இது முடியவில்லை என்பதுதான் என் பெரிய பயம். நீ அங்கே புதிதாகத் தொழில் தொடங்கப் போகிறாய், கூட்டாளி கிடைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். நல்ல குடும்பம், நாணயமானவன் என்கிறாய். அது ஒரு எண். இன்னொரு எண்ணைக் கேட்டாயா? பாரம் ஏறினால், காற்று இறங்கினால் அவன் எந்தப் பக்கம் பிதுங்குவான் என்று பார்த்தாயா? சந்தோஷமான செய்தி பாதி காதில் விழுந்ததும் மீதியைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிற பிள்ளை நீ. உன்னைத் திட்டவில்லை. பயப்படுகிறேன்.

கழற்றச் சொன்னதும் செல்லக்கனி வாசலுக்கு வந்தாள். "மாமா, அவுக ஆசையா வாங்கி அனுப்புனது. கழத்திட்டா மனசு சங்கடப்படுவாகளே" என்றாள். "சங்கடப்பட்டா எனக்கு ஒரு கடுதாசி எழுதித் திட்டட்டும்மா. வாங்கிக்கிடுதேன்" என்றேன். பிறகு, "பழைய டயர்ல போனா மணல்ல நின்னுரும்லா மாமா? அங்கன வச்சு வலி வந்துட்டா என்ன செய்ய?" என்று கேட்டாள். ராஜமணி, அவள் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சரிவைக் கண்டு பயம், அவளுக்கு மணலைக் கண்டு பயம். இரண்டில் எதையும் தள்ளிவிட முடியவில்லை. இங்கேயே பிரசவம் பார்க்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "தலப்பிரசவம், அவளுக்கு அவ ஆத்தா மொகம் பாக்கணும். நீங்க ஆம்பள, ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். சித்தியும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் நேற்றுக் காலையில் உடன்குடியிலிருந்து நமக்குக் கருப்பட்டி ஏற்றிவருகிற ஆறுமுகம் வந்தான். மாட்டுவண்டியின் மரச்சக்கரத்தை எடுத்துவிட்டு டயர் வண்டி ஆக்கியிருக்கிறான். வடக்கே ஏலத்தில் எடுத்த ஜீப் டயர் இரண்டாம். நான் குனிந்து எண்ணைப் பார்த்தேன். ஆறு – பதினாறு. தேய்மானம் அதிகமில்லை. அவனோ நம் வாசலில் கிடந்த ஏழரையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"என்னலே, டயரத் தடவுத?"

"இல்ல அண்ணாச்சி, எவ்வளவு அகலம்! என் டயரு தேரியில அமுங்கி மாட்டுக்கு நாக்குத் தள்ளுது. இது இருந்தா பாரத்தோட அப்படியே மிதந்துரும்லா?"

"மட்கார்டுல உரசும்லே."

"மாட்டுவண்டிக்கு ஏது அண்ணாச்சி மட்கார்டு?"

நான் வியாபாரி. அவன் ஆசையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சென்னைக்கே திருப்பி அனுப்பப் போகிறேன் என்றேன். அவன் லேசுப்பட்டவன் இல்லை. "ரயில் கூலி நீங்கதான குடுக்கணும்?" என்றான். வெயில் ஏறுகிற வரைக்கும் பேசினோம். ஆனால் ஒன்று சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் பயத்தோடு பேரம் பேசியது இதுதான் முதல் தடவை. அவன் எழுந்து போய்விடுவானோ என்று இரண்டு தடவை அவனுக்கு மோர் கொண்டுவரச் சொன்னேன். பேசி முடிந்தபடி அவன் மாடுகளை இங்கேயே கட்டிவிட்டு, நம் கிட்டங்கியில் வைத்தே டயரை மாற்றிக்கொண்டான். அவன் கழற்றித் தந்ததை நம் காரில் மாட்டி, அதே மூட்டைகளை ஏற்றி, காற்றை இறக்கி, சுண்ணாம்பு பூசி ஓட்டினோம். எங்கும் ஒட்டவில்லை. பிரேக் குழாயையும் புதிதாக மாற்றிவிட்டேன். ஆனாலும் எனக்குப் பயம் தெளியவில்லை. வெள்ளிக்கிழமை இசக்கிக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்து போகிறேன். அவள் போய்ச் சேர்ந்ததும் தந்தி வரும். அதுவரைக்கும் நீயும் என்னைப் போலப் பயந்துகொண்டிரு, ஒன்றும் குறைந்துவிடாது.

உன் சாமானை உன்னைக் கேட்காமல் கொடுத்திருப்பதால், பேசி முடித்த விவரத்தைத் தெரிவிக்கிறேன். உன்னுடைய ஏழரை – பதினாறு டயர் நான்கும் ஆறுமுகத்துக்கு. அவனுடைய ஆறு – பதினாறு டயர் இரண்டும் நமக்கு. கைக்காசு இரண்டு பக்கமும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் அவன் வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே கூண்டு கட்டி, தேரி தொடங்குகிற இடத்தில் காத்திருக்க வேண்டும். செல்லக்கனியையும் சித்தியையும் உன் அம்மாவையும் மணல் தாண்டும் வரை அவன் ஏற்றிப் போவான், நம் கார் பாரமில்லாமல் பின்னால் வரும். மணல் தாண்டியதும் அவர்கள் காரில் ஏறிக்கொள்வார்கள். பிரசவம் ஆகி அவள் திரும்பும் நாளிலும் இதே ஏற்பாடு. திரும்பி வரும்போது ஆள் ஒன்று கூடுதலாக இருக்கும், அதற்கென்று அவன் தனியாக எதுவும் கேட்கக் கூடாது. சரி என்று உன் அம்மா முன்னால் கையடித்துக் கொடுத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா